மைநேதா தளம்: பெண் வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தை அதில் எப்படிப் படிப்பது

தேர்தல் வந்துவிட்டால் "நம்ம தொகுதி வேட்பாளருக்கு இத்தனை கோடி சொத்து, இத்தனை வழக்கு" என்று செய்தித்தாளிலும் வாட்ஸ்அப்பிலும் தகவல்கள் குவியும். அவற்றில் பல மைநேதா என்ற ஒரே இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், சுருக்கமாக ஏடிஆர், என்ற லாப நோக்கற்ற அமைப்பு இதை நடத்துகிறது. பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. வாக்களிக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டிய தளம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் பக்கத்தில் தெரியும் மொத்தத் தொகையோடும் வழக்கு எண்ணிக்கையோடும் நின்றுவிட்டால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். வேட்பாளர் பெண்ணாக இருந்தால் அந்த ஆபத்து இன்னும் அதிகம். ஏன் என்பதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், இந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது? 1999 இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து ஏடிஆரைத் தொடங்கினார்கள். திரிலோசன் சாஸ்திரி, ஜக்தீப் சோக்கர் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். வேட்பாளர்கள் தங்கள் குற்ற வழக்கு, சொத்து, படிப்பு விவரங்களை வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2000 இல் அங்கே வென்றார்கள். மேல்முறையீட்டில் 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உடனே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பை நீர்த்துப்போகச் செய்யப் பார்த்தது. 2003 மார்ச் 13 அன்று அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இன்று எம்எல்ஏ, எம்பி தேர்தலில் நிற்கும் எவரும் வேட்புமனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தை நோட்டரி அல்லது முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் போன்றோர் முன்னிலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு இந்தப் போராட்டமே காரணம். ஒரு சிறு குழு நீதிமன்றப் படியேறி நாட்டின் தேர்தல் முறையையே மாற்றியிருக்கிறது. கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்த வழக்கிலும் ஏடிஆர் மனுதாரர்.

அந்தப் பிரமாணப் பத்திரம் ஸ்கேன் செய்யப்பட்டு இந்தியத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஏறுகிறது. பல பத்திரங்கள் கையால் எழுதியவை, சில மங்கலானவை, பக்கங்கள் ஏராளம். அதை எடுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் தட்டச்சு செய்து, ஒப்பிடக்கூடிய அட்டவணையாக மாற்றித் தருவதுதான் மைநேதாவின் வேலை. 2024 மக்களவைத் தேர்தலில் போட்டியிட்ட 8,360 பேரில் 8,337 பேரின் பத்திரங்களை ஏடிஆர் இப்படி அலசியது. மீதியை அலச முடியாமல் போவதற்கு வழக்கமான காரணம், ஸ்கேன் தெளிவில்லாமலோ பக்கங்கள் முழுமையில்லாமலோ இருப்பதுதான்.

தேடும் முறை

பெயரைத் தட்டித் தேடாதீர்கள். தளத்தில் தகவல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ழ'வுக்கு ஒருவர் 'இசட்எச்' போடுவார், இன்னொருவர் 'எல்' போடுவார். முதலெழுத்து சிலருக்குப் பெயரின் முன்னால், சிலருக்குப் பின்னால். 'கனிமொழி', 'தமிழரசி' போன்ற பெயர்களில் ஓர் எழுத்து மாறினாலும் தேடல் கைகொடுக்காது. மேலும், பெரிய வேட்பாளரின் பெயரிலேயே சுயேச்சைகளை நிறுத்துவது நம் ஊரில் பழைய உத்தி. பெயரை மட்டும் பார்த்து வேறொருவரின் வழக்கை இவர் தலையில் கட்டிவிடும் தவறு இதனால் நடக்கிறது.

பாதுகாப்பான வழி இது: தேர்தலைத் தேர்ந்தெடுங்கள் (மக்களவை என்றால் ஆண்டு, சட்டமன்றம் என்றால் மாநிலமும் ஆண்டும்), பிறகு மாவட்டம் அல்லது மாநிலம், பிறகு தொகுதி. தொகுதிப் பட்டியலில் கட்சி, வழக்கு எண்ணிக்கை, படிப்பு, வயது, மொத்தச் சொத்து, கடன் ஆகியவை ஒரே வரியில் கிடைக்கும். பெயரைச் சொடுக்கினால் தனிப்பக்கம். அங்கே வயதையும், தந்தை அல்லது கணவர் பெயரையும், எந்தத் தொகுதி வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது என்பதையும் முதலில் சரிபார்த்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்க வேண்டும்.

பெண் வேட்பாளர்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. வென்ற பெண்களுக்கும் தனியாக ஒன்று. 2024 மக்களவைத் தேர்தலில் அலசப்பட்டவர்களில் பெண்கள் 797 பேர், அதாவது பத்தில் ஒருவர்கூட இல்லை. வென்றவர்கள் 74. 2019 இல் 78 ஆக இருந்தது, குறைந்திருக்கிறது. தமிழ்நாட்டின் 39 இடங்களில் ஐந்து பெண்கள் வென்றார்கள்: கனிமொழி, தமிழச்சி தங்கபாண்டியன், ஜோதிமணி, சுதா, ராணி ஸ்ரீகுமார். 2021 சட்டமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளில் 117 இல் பெண்களை நிறுத்தியது. ஆனால் எல்லாக் கட்சிகளையும் சேர்த்து அந்த அவைக்குள் நுழைந்த பெண்கள் 12 பேர்தான். சீட்டுக் கொடுப்பது எங்கே, வெல்லக்கூடிய சீட்டுக் கொடுப்பது எங்கே என்ற வித்தியாசத்தை இந்த இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்தால் கட்சிவாரியாகப் பார்த்துவிடலாம். மகளிர் இட ஒதுக்கீட்டுக்கான 106 ஆவது அரசியல் சாசனத் திருத்தம் 2023 செப்டம்பரில் நிறைவேறியபோது, அது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பிறகே நடைமுறைக்கு வரும் என்று எழுதப்பட்டது. கட்சிகள் தாங்களாகவே எத்தனை பெண்களுக்கு இடம் கொடுத்தன என்பதை எண்ணிப் பார்க்க இந்தப் பட்டியல் மிகவும் உதவும்.

சொத்து: மொத்தத்தை நம்பாதீர்கள்

தளத்தின் பெரிய பலவீனம் இங்கே இருக்கிறது. பட்டியலில் தெரியும் சொத்து மதிப்பு வேட்பாளருடையது மட்டுமல்ல. படிவம் 26 இல் வேட்பாளர், கணவன் அல்லது மனைவி, இந்து கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்போர் என்று தனித்தனி நெடுவரிசைகள் உண்டு. மைநேதா முன்பக்கத்தில் காட்டுவது இவை எல்லாவற்றின் கூட்டுத்தொகை.

ஒரு பெண் வேட்பாளருக்குக் கணவர் பெயரில் 3 கோடி ரூபாய் நிலமும் கட்டடமும், அவர் பெயரில் 18 லட்சம் ரூபாய் நகையும் சேமிப்பும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டியலில் அவர் கோடீஸ்வரி. உண்மையில் அவர் கையெழுத்திட்டு எடுக்கக்கூடிய பணம் 18 லட்சத்துக்குள்தான். ஆண் வேட்பாளருக்கும் இதே கூட்டல்தான். ஆனால் நம் குடும்பங்களில் நிலப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் இந்தக் கூட்டல் பெண்களின் உண்மை நிலையைத்தான் அதிகமாக மறைக்கிறது. 2024 இல் வென்ற 543 பேரில் 504 பேர் கோடீஸ்வரர்கள் என்ற புள்ளிவிவரத்தையும் இந்தக் கணக்கை மனதில் வைத்தே படிக்க வேண்டும்.

ஆகவே தனிப்பக்கத்தில் கீழே இறங்கி, அசையும் சொத்து, அசையாச் சொத்து அட்டவணைகளில் முதல் நெடுவரிசையை மட்டும் பாருங்கள். கைபேசியில் அட்டவணை அகலமாக இருக்கும். திரையைப் படுக்கையாகத் திருப்பிக்கொண்டால் எந்த எண் எந்த நெடுவரிசை என்று குழம்பாது. நகை பெரும்பாலும் கிராமிலோ பவுனிலோ வரும் (பவுன் 8 கிராம்). மதிப்பு, எழுதிய நாளின் விலை. நிலத்துக்கு சர்வே எண், பரப்பு, பரம்பரையா இல்லையா, வாங்கிய தேதி, வாங்கிய விலை, மேம்பாட்டுச் செலவு, இன்றைய சந்தை மதிப்பு என்று வரிசையாக இருக்கும். சந்தை மதிப்பு வேட்பாளரே போடும் உத்தேசக் கணக்கு. ஒருவர் பத்திரப்பதிவின் வழிகாட்டி மதிப்பை எழுதுவார், இன்னொருவர் ஊரில் பேசும் விலையை எழுதுவார். இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இரண்டு வேட்பாளர்களின் நிலத்தை ஒப்பிட வேண்டுமானால் ரூபாயை விட்டுவிட்டு ஏக்கரையும் சென்ட்டையும் ஒப்பிடுங்கள்.

மறுபடி நிற்பவர்களுக்குப் பழைய தேர்தல்களின் சொத்தும் வழக்கு எண்ணிக்கையும் அதே பக்கத்தில் வரும். மிகப் பயனுள்ள வசதி இது. ஆனால் "ஐந்தாண்டில் சொத்து மூன்று மடங்கு" என்று பதறுவதற்கு முன் இரண்டு ஆண்டுகளின் நிலப் பட்டியலையும் சர்வே எண் வாரியாக வைத்துப் பாருங்கள். அதே எண்கள், மதிப்பு மட்டும் ஏறியிருந்தால் அது நிலவிலை ஏற்றம். புது சர்வே எண்கள் வந்திருந்தால் வாங்கிய தேதியையும் விலையையும் எடுத்து, அருகில் உள்ள ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஆண்டு வருமானம் 6 லட்சம் காட்டியவர் அதே ஆண்டில் 80 லட்சத்துக்கு மனை வாங்கியிருந்தால், கடன் பகுதியிலோ பரம்பரைப் பகுதியிலோ அதற்கு விளக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

வருமான வரிப் பகுதியில் இன்னொன்றும் தெரியும். பெண் வேட்பாளரின் வரிசையில் பான் எண் இல்லை, தொழில் 'இல்லத்தரசி', கணவரின் வரிசையில் மட்டும் ஐந்தாண்டுக் கணக்கு என்றால், கணவரின் பெயரை அதே தொகுதியின் முந்தைய தேர்தல் பட்டியல்களில் தேடிப் பாருங்கள். அவர் முன்பு நின்று தோற்றவரா, தண்டனையால் நிற்க முடியாதவரா என்பது அங்கே கிடைக்கலாம். இதை வைத்து அந்தப் பெண்ணை 'பினாமி' என்று முத்திரை குத்துவது நியாயமல்ல. கணவரின் நிழலில் நுழைந்து சொந்தக் காலில் நின்றவர்களை ஊராட்சிகளில் நிறையவே பார்க்க முடியும். பிரச்சாரத்துக்கு வரும்போது பேசுவது அவரா, பக்கத்தில் நிற்பவரா என்று கவனிக்க இது ஒரு காரணம், அவ்வளவே.

வழக்கு: எண்ணிக்கையை விடுங்கள், பிரிவைப் பாருங்கள்

வழக்கு உள்ளவர்களைத் தளம் தனியே காட்டும். 2024 இல் வென்றவர்களில் 251 பேர் வழக்கு இருப்பதாகச் சொன்னவர்கள், 170 பேர் மீது கடுமையான வழக்குகள். 'கடுமையான' என்றால் என்ன? ஐந்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம், ஜாமீனில் விட முடியாத குற்றம், லஞ்சம், கொலை, கடத்தல், பாலியல் வன்முறை, பெண்களுக்கு எதிரான குற்றங்கள் என்று ஏடிஆர் ஒரு வரையறை வைத்திருக்கிறது. நல்ல வரையறைதான். ஆனால் 'ஜாமீனில் விட முடியாதது' என்ற வாசல் வழியாகப் போராட்டக்காரர்களும் உள்ளே வந்துவிடுகிறார்கள். டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி மறியல் செய்த பெண்மீது, 2024 ஜூன் வரை இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின்படி, சட்டவிரோதமாகக் கூடியது (143), வழிமறித்தது (341), உத்தரவை மீறியது (188) என்று போட்டார்கள். தள்ளுமுள்ளு நடந்தால் அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக 353 சேர்ந்தது. 353 க்கு உச்சத் தண்டனை இரண்டு ஆண்டுதான், ஆனால் ஜாமீனில் விட முடியாதது. வரையறையின்படி அது கடுமையான குற்றம். மக்கள் பிரச்சினைக்காகத் தெருவுக்கு வந்தவரும், மிரட்டிப் பணம் பறித்தவரும் ஒரே பட்டியலில் நிற்பார்கள்.

அதனால் எண்ணிக்கையைத் தாண்டி மூன்று விஷயங்கள் பார்க்க வேண்டும்: பிரிவு எது, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, புகார் கொடுத்தது யார். நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்த (எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று முறையாகப் பதிவு செய்த) வழக்கு, வெறும் முதல் தகவல் அறிக்கையோடு நிற்கும் வழக்கைவிடக் கனமானது. தண்டனை பெற்ற வழக்குகளுக்குத் தனி அட்டவணை உண்டு. புகாரின் தன்மை மைநேதா பக்கத்தில் சுருக்கமாகத்தான் இருக்கும், மூலப் பத்திரத்தில் கூடுதலாகக் கிடைக்கும்.

பிரிவு எண்ணில் இப்போது ஒரு புதுக் குழி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. பழைய வழக்குகள் பழைய எண்ணிலேயே தொடரும். ஒரே பத்திரத்தில் இரண்டு வகை எண்களும் வரும். பழைய சட்டத்தில் 302 கொலை. புதிய சட்டத்தில் 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு, கொலைக்கு 103. மேலே சொன்ன பழைய 353 புதிய சட்டத்தில் 132. புதிய சட்டத்தில் 353 என்பது பொதுமக்களிடையே கலவரம் தூண்டும் பேச்சு. பெண்ணை மானபங்கப்படுத்துவது பழையதில் 354, புதியதில் 74. மனைவிக்குக் கணவன் வீட்டார் இழைக்கும் கொடுமை 498ஏ, புதியதில் 85. எண்ணை மட்டும் பார்த்து "கொலை வழக்கு வேட்பாளர்" என்று பகிர்ந்துவிட்டால் அவதூறு வழக்கு நம் வீட்டு வாசலுக்கு வரும். எந்தச் சட்டம் என்று எப்போதும் சேர்த்துப் படியுங்கள்.

மூலத்தோடு ஒப்பிடுங்கள்

கையால் எழுதியதைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது பிழை வரும். பத்து லட்சம் ஒரு கோடி ஆவதற்கு ஒரு சைபர் போதும். ஆகவே மைநேதாவில் வியக்கத்தக்க எண்ணைக் கண்டால், பகிர்வதற்கு முன் தேர்தல் ஆணையத் தளத்தில் தேர்தல், மாநிலம், தொகுதி தேர்ந்தெடுத்து மூலப் பத்திரத்தைத் திறந்து பாருங்கள். தமிழ்நாட்டுப் பத்திரங்கள் பல தமிழிலேயே இருப்பதால் நமக்கு இது மைநேதாவைவிட எளிது. பி பகுதியில் சுருக்கம் இருக்கும், ஏ பகுதியில் விவரம். இரண்டும் பொருந்தாமல் போனால் பிழை தளத்தினுடையது அல்ல, வேட்பாளருடையது. எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது, 'இல்லை', 'பொருந்தாது', 'தெரியாது' என்று ஏதாவது எழுத வேண்டும் என்று 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொய்யான தகவல் கொடுத்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும்.

நேரமும் முக்கியம். வேட்புமனு திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் குறைந்தது 14 நாள் இடைவெளி வேண்டும் என்பது சட்டம். அந்தச் சின்ன இடைவெளியில்தான் ஏடிஆர் ஆயிரக்கணக்கான பத்திரங்களைத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. மனுத்தாக்கல் முடிந்த மறுநாளே தளத்தில் எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவசரமென்றால் ஆணையத் தளம்தான் முதலில்.

இல்லாதவை

பெண்கள் அரசியலில் மிக அதிகமாக இருக்கும் இடம் உள்ளாட்சி. 1993 இல் நடைமுறைக்கு வந்த 73 ஆவது திருத்தம் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தது. தமிழ்நாடு அதை 2016 இல் 50 சதவீதமாக உயர்த்தியது. சுமார் 12,500 கிராம ஊராட்சிகளில் பாதித் தலைவர் பதவி பெண்களுக்கு. இவர்களைப் பற்றி மைநேதாவில் தேடினால் வெறும் கைதான். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்பதால் அந்த வேட்பாளர்களின் பத்திரங்கள் இந்தியத் தேர்தல் ஆணையத் தளத்துக்கு வருவதில்லை. சில பெரிய மாநகராட்சிகளின் தேர்தல்களை மட்டும் தளம் சேர்த்திருக்கிறது. அவ்வளவு ஊராட்சிகளையும் தட்டச்சு செய்ய ஒரு தொண்டு அமைப்பால் ஆகாது என்பது புரிகிறது. ஆனாலும் நாளை சட்டமன்றத்துக்கு வரப்போகும் பெண்களின் முதல் பத்திரம் அங்கேதான் இருக்கிறது என்பதால் இந்தக் குறை வலிக்கிறது. உங்கள் ஊராட்சிக்கு வேண்டுமானால் தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். தேர்தல் முடிந்த பிறகென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு நகல் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

வென்றபின் அவர் என்ன செய்தார் என்பதும் மைநேதாவின் வேலை அல்ல. எம்பிக்களுக்கு பிஆர்எஸ் என்ற இன்னொரு லாப நோக்கற்ற அமைப்பின் தளத்தில் வருகைப் பதிவு, கேட்ட கேள்விகள், பங்கெடுத்த விவாதங்கள், தனிநபர் மசோதாக்கள் ஆகியவை தேசிய, மாநில சராசரியோடு கிடைக்கும். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. அவர்கள் பெயருக்கு நேரே விவரம் இல்லாததை வைத்து 'அவைக்கே வராதவர்' என்று சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக, மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ பகிர நினைப்பவர்களுக்கு. ஒரு தொகுதிக்கு ஒரு தாள் போதும். வேட்பாளர் பெயர், வயது, படிப்பு, தொழில், அவர் பெயரில் மட்டும் உள்ள சொத்து, குடும்பச் சொத்து தனியே, கடன், வழக்கு இருந்தால் சட்டமும் பிரிவும் வழக்கின் நிலையும். எல்லா வேட்பாளர்களையும் போடுங்கள், சுயேச்சைகள் உட்பட. தாளின் அடியில் தகவல் எடுத்த தேதியை எழுதுங்கள். ஒரு வேட்பாளருக்கு ஆதரவாகவோ எதிராகவோ இருப்பதாகக் கருதப்படும் துண்டறிக்கையை அச்சிட்டால், அச்சகத்தின் பெயர் முகவரியும் வெளியிடுபவரின் பெயர் முகவரியும் அதில் இருந்தாக வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ அதைக் கட்டாயமாக்குகிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஜெராக்ஸ் கடையில் நூறு பிரதி எடுக்கும் அவசரத்தில் பலரும் மறப்பது இந்த இரண்டு வரிகளைத்தான்.